திங்கள் வெட்டு

ஷீட் எடைபோட்ட சீட்டின் பின்பக்கம்
டென்னிசன் எழுதுகிறான்:
சனி மதியம் குலசேகரம். இரவு பஸ்.
ஞாயிறு காலை மலை.
திங்கள் வெயிலேறும்போது வீடு.
அதற்குமேல் பேனா போகவில்லை.
கடைசி வரியின் கீழே ஒரு புள்ளியை
வைத்து வைத்துப் பெரிதாக்குகிறான்.

திங்கள் வெட்டு நாள்.

முந்நூற்றிருபது மரம், பாட்டத்துக்கு எடுத்தது.
சனிக்கிழமைப் பாலை
உறைய வைக்காமல் பாலாகவே கொடுத்துவிடலாம்.
திங்களை என்ன செய்ய?
மார்கழித் தணுப்பில்தான் ரப்பர் மனசு வைக்கும்.
சிரட்டை நிறைந்து, விளிம்பில் நடுங்கி நிற்கும்.
இப்போது ஓடுவதுதான்
ஆடி மழையில் அடுப்பெரிக்கும்.

"மாசியில போனா என்ன?" என்றேன்.
இலை கொட்டி முடித்த மரங்களுக்கு
அப்போது ஓய்வு.
கத்தியை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிவிட்டு
நாங்களும் சும்மாதான் இருப்போம்.

ஜெஃப்ரின் போனிலிருந்து தலை தூக்காமல் சொன்னான்:
"மாசியில பூங்காவ அடைச்சிருவாங்கம்மா.
வரையாடு குட்டி போடுற நேரம்."

அப்படியா.
எனக்குக் கை ஒழியும்போது அதற்குப் பேறுகாலம்.
அது வெளியே வந்து நிற்கும்போது
என் கையெல்லாம் பால்.

"றசலையண்ணன் ஒரு நாள் வெட்டித் தருவாரு."
தருவார். கை கனம்.
பட்டையைத் தாண்டித் தடியில் போய் நிற்கும் அவர் கத்தி.
போன தடவை அவர் தொட்ட நாலு மரம்
இன்னும் முடிச்சு முடிச்சாய்ப் புடைத்துக்கொண்டு நிற்கிறது.
வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல
நாத்தனார் பக்கத்தில் இருந்தாள்.

இதற்கிடையில் சுவெட்டர் வாங்கியாகிவிட்டது.
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே, ஒரு குவியலிலிருந்து.
எனக்கொன்று, மஞ்சள்.
அவனுக்கொன்று, பித்தான் மாற்ற வேண்டும்.
பையனுக்கு இரண்டு அளவு பெரியதாய்,
ஏதோ வருடா வருடம் போகப்போகிறவர்கள் மாதிரி.

"பேச்சிப்பாறையில நின்னு பாத்தாலும் மலைதானே?"
பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்த இரவில்
டென்னிசன் கேட்டான்.
மலைதான்.
ஆனால் அது பணிக்குப் போகிற வழி.

எனக்கு என்ன வேண்டுமென்று
அவனிடம் சொல்லத் தெரியவில்லை.
பதினொரு வருடமாய் மண்ணைப் பார்த்தே நடக்கிறேன்.
பாம்பு, வேர், அட்டை, வழுக்கும் இலை.
தலையில் கட்டிய விளக்கு
காட்டுவதை மட்டுமே பார்க்கிறேன்.
பையன் போனில் காட்டிய அந்த ஆடு
பாறை முடிகிற இடத்தில் நிற்கிறது.
நாலு காலும் ஒரு சிரட்டை அகலத்தில்.
கீழே பார்க்கவே இல்லை.
புல்லை மென்றுகொண்டிருக்கிறது.

"மஞ்சு இறங்கினா ஒண்ணும் தெரியாதாம்,
டிக்கெட் காசும் திருப்பித் தரமாட்டாங்களாம்"
என்றும் வாசித்தான் ஜெஃப்ரின்.
யாரும் பதில் சொல்லவில்லை.
சீட்டு மடிந்து, டென்னிசனின் சட்டைப்பையில்
ஒரு வாரம் வியர்வையில் கிடந்தது.

இன்று மூன்றரை மணி.
மூச்சு விட்டால் புகை தெரிகிற தணுப்பு.
நான் மேல் வரிசை, அவன் கீழ் வரிசை.
பட்டை சீவும் சத்தம் நின்றது.
அவன் விளக்கு மரங்களுக்கிடையே திரும்பி
என் முகத்தில் அடித்தது.

"எளா, செவ்வாய்க்கிழமை வெட்டுனா என்ன?"

அவ்வளவுதான்.
ஒரு நாள் தள்ளி.
இத்தனை நாள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.
திங்கள் என்றால் திங்கள் என்று
மரத்துக்கு யாரோ எழுதிக் கொடுத்ததுபோல.

நான் விளக்கை அணைத்தேன், போட்டேன்.
பால் கோடு வழியே இறங்கி
தகரச் சில்லில் தயங்கி
முதல் சொட்டு விழுந்தது.

"சன்னல் சீட்டு எனக்கு" என்றேன்.
கீழ் வரிசையிலிருந்து சத்தம் வந்தது:
"ராத்திரி பஸ்ஸுல என்னத்தப் பாப்ப?"